ஒட்டும் திரவத்துடன் சோப்பு கலக்கலாமா?

மருந்து இலையில் நிற்க வேண்டும் என்பதற்காக ஒட்டும் திரவம், சோப்பு இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றுகிறீர்களா? சில கலவைகள் நல்ல பலன் தரும். சில கலவைகளில் மருந்துச் செலவும் வீண், பயிருக்கும் பாதிப்பு.

சோப்பு செய்யும் வேலை

முட்டைகோஸ், வெங்காயம், வாழை இலைகளில் மெழுகுப் படலம் உண்டு. தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் இறுக்கமானது. அதனால் மருந்துத் துளி முத்தாக உருண்டு கீழே விழுந்துவிடும். சோப்பு, ஒட்டும் திரவம் ஆகியவற்றின் மூலக்கூறுகளுக்குத் தண்ணீரை நாடும் தலையும், தண்ணீரை விட்டு விலகும் வாலும் உண்டு. இவை தலை உள்ளே, வால் வெளியே என்று துளியின் மேற்பரப்பில் நெருங்கி நிற்கும்போது இறுக்கம் பாதிக்கும் கீழே குறையும். துளி இலையில் பரவும்.

மேற்பரப்பு நிரம்பிய பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பரவுவது கூடாது. மிஞ்சியது தண்ணீருக்குள்ளேயே திரண்டு கிடக்கும். நுரை பொங்கும், மருந்து வழிந்தோடும், இளந்தளிர் கருகும்.

எதனுடன் எது சேரும்?

* சோப்பின் தலைகள் எதிர்மின் தன்மை கொண்டவை. அதனால் ஒன்றையொன்று தள்ளும். மின்தன்மை இல்லாத ஒட்டும் திரவத்தின் மூலக்கூறுகள் இடையில் புகுந்தால் தள்ளுதல் குறைந்து நெருக்கமாக நிற்கும். ஆகவே இரண்டும் சேரும்போது ஒவ்வொன்றும் குறைந்த அளவே போதும்.

* கொட்டகை கழுவும் பென்சல்கோனியம் குளோரைடு போன்ற கிருமிநாசினிகள் நேர்மின் தன்மை கொண்டவை. சோப்புடன் சேர்ந்தால் திரிந்து படியும், நாசில் அடைக்கும். இவற்றுக்குப் பயன்படுத்திய தெளிப்பானை நன்கு கழுவிய பிறகே வயலுக்கு எடுக்கவும்.

* உப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும். தாமிர மருந்துகளுடனும் சோப்பு சேர்க்க வேண்டாம்.

* ஈ.சி. வகை மருந்துகளில் எண்ணெயைத் தண்ணீரில் கலக்கச் செய்யும் பொருள்கள் முன்பே உள்ளன. லேபிளில் சொல்லாமல் மேலும் சேர்க்க வேண்டாம்.

வேப்ப எண்ணெய் தெளிப்பவர்களுக்கு

லிட்டருக்கு 30 மி.லி. வேப்ப எண்ணெய் தெளிப்பதானால், முதலில் எண்ணெயில் சோப்புக் கரைசலைச் சேர்த்துப் பால்போல் ஆகும்வரை கலக்குங்கள். பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றுங்கள். எண்ணெய் தனியாக மிதந்தால் அந்தக் கலவையைத் தெளிக்கக் கூடாது. எண்ணெய் பட்ட இடம் கருகும்.

தெளிக்கும் முன் இரண்டு சோதனைகள்

1. கையுறை அணிந்துகொண்டு, ஒரு கண்ணாடி பாட்டிலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரையே எடுத்து, டேங்கில் கலக்கும் அதே விகிதத்தில் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். கட்டி, படிவு, எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அந்தக் கலவை வேண்டாம்.

2. ஒட்டும் திரவத்தை, சிபாரிசு அளவில் பாதி ஒரு கலவையிலும் முழு அளவு இன்னொன்றிலும் சேர்த்து, ஒவ்வொரு துளி இலையில் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு பரவினால் பாதியே போதும். லேபிள் அளவைத் தாண்ட வேண்டாம்.

சரியாக வந்த கலவையையும் முதலில் நாலைந்து செடிகளில் மாலை வேளையில் தெளித்து, இரண்டு நாள் பார்த்த பிறகு வயல் முழுக்கத் தெளியுங்கள்.