கச்சிராயபாளையம்: மலை இறங்கி வரும் ஊர்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் பேருந்தில் அமர்ந்தவருக்கு முதலில் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் வழித்துணையாக வரும். சிறிது தொலைவு சென்றதும் வானத்தின் அடியில் நீலக் கோடு ஒன்று தோன்றும். அது மெல்ல உயர்ந்து பச்சையாகிக் கல்வராயன் மலையாகும். அந்த மலைக்கும் இந்த வயலுக்கும் நடுவே, இரண்டோடும் உறவு கொண்டு, இரண்டிலும் முழுதாய் அடங்காமல் நிற்கும் ஊர் கச்சிராயபாளையம். குறிஞ்சி எங்கே முடிகிறது, மருதம் எங்கே தொடங்குகிறது என்று திணை நூல் கற்றவர் வினவினால் இவ்வூரைக் காட்டி விடை கூறலாம்.

ஊரின் முதல் ஆவணம் அதன் பெயரே. கச்சி என்பது காஞ்சிபுரம். ராயர் என்பது தலைவர். பாளையம் என்பது படை தங்கிய இடம். பின்னர்ப் படைத்தலைவனுக்கு உரிய நிலப்பகுதியையும் அச்சொல் குறித்தது. பல்லவர் வழியினராகத் தம்மைக் கூறிக்கொண்ட காடவர் குலத் தலைவர்கள் நடுநாட்டுக் கல்வெட்டுகளில் கச்சியராயர் என்ற பட்டத்தோடு காணப்படுகின்றனர். 1231-இல் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனையே சிறைப்பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்த கோப்பெருஞ்சிங்கன் இக்குலத்தவன்தான். காஞ்சியை இழந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் காஞ்சியின் பெயரைப் பட்டத்தில் சுமந்தவர்கள் இவர்கள். விருத்தாசலத்தை அடுத்த முகாசாபரூர்ப் பாளையக்காரர்களும் கச்சிராயர் என்றே அழைக்கப்பட்டனர். அண்டை ஊரான அக்கராயபாளையத்தின் பெயரிலும் ஒரு ராயர் உண்டு. மலையடிவாரம் முழுவதும் ஒரு காலத்தில் காவலும் படையும் வரிசையாக நின்றன என்பதை இந்தப் பெயர்கள் சொல்லாமல் சொல்கின்றன.

ஆனால் மக்கள் வாய்க்கு ராயர்மீது அத்தனை மதிப்பு இல்லை. பேச்சு வழக்கில் ஊர் "கச்சிராபாளையம்" ஆகிவிட்டது. ஆங்கில எழுத்துகளில் அதுவே நிலைத்தும் போயிற்று. எந்த அரசாணையும் இல்லாமல் நாவொன்றே ஒரு தலைவனின் பட்டத்தைக் குறைத்துவிட்டது. ஆட்சிப் பதிவேட்டிலோ ஊர் வடக்கனந்தல் பேரூராட்சியின் ஒரு பகுதி. பேரூராட்சிக்கு ஒரு பெயர், பேருந்துப் பலகைக்கு இன்னொரு பெயர் என்ற இந்த இரட்டை நிலை, சிற்றூர்கள் பல கூடி நகராக முயலும் இடங்களிலெல்லாம் காணக்கூடியதே.

காஞ்சியின் நினைவு அடிவாரத்தோடு நின்றுவிடவில்லை என்பது வியப்புக்குரியது. கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று வழிவழியாகக் கூறிவருகின்றனர். (இங்கு மலையாளி என்பது மலையை ஆள்பவர் என்ற பொருளது, கேரளத்தோடு தொடர்பற்றது, அவர்கள் பேசுவது தமிழே.) பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று உடன்பிறந்தார் மலைகளைப் பங்கிட்டுக் குடியேறியதாகச் சொல்லும் அக்கதையை 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் குலங்கள், பழங்குடிகள் பற்றிய பெருந்தொகுதியும் பதிவு செய்துள்ளது. அடிவாரத்தில் காஞ்சியின் பெயர் தாங்கிய தலைவனின் ஊர், மேலே காஞ்சியைத் தாயகமாகச் சொல்லும் குடிகள். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிடும் ஆசை எவருக்கும் எழும். வரலாறு எழுதுபவர் அந்த ஆசையைச் சற்று அடக்கத்தான் வேண்டும். கவிஞர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கீழே 1801-இல் கருநாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. தென்னார்க்காடு மாவட்டம் உருவாயிற்று, நிலம் அளக்கப்பட்டது, பாளையங்கள் கிராமக் கணக்குகளாயின. மேலே கதை வேறு. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார் குடும்பங்கள் மலையைப் பிரித்து ஆண்டன. உழும் ஏருக்கும் கொத்தும் மண்வெட்டிக்கும் வரி, ஜாகிர்தார் வீட்டுக்குக் கூலியில்லா வேலை என்பதே அங்கிருந்த முறை. 1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னும் மலைமேல் ஜாகிர் தொடர்ந்தது. கல்வராயன் மலை அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்த ஆண்டு 1976. நாடெங்கும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். கச்சிராயபாளையத்துக் கடைத்தெருவில் விடுதலை நாள் கொடி ஏறிய காலத்திலும், கண்ணுக்குத் தெரியும் தொலைவில் உள்ள மலையில் மனிதர் வரிக்கணக்கில் ஓர் ஏராக எண்ணப்பட்டனர். நடுநாட்டின் இலக்கியப் பெருமை பேசும் மேடைகளில் இச்செய்தி அரிதாகவே ஒலித்திருக்கிறது.

இந்த இரண்டு காலங்களும் சந்தித்த வாயில் இவ்வூர். கடுக்காய், புளி, தேன், சாமை எனத் தலைச்சுமையாக மலை இறங்கிய பொருள்களுக்கு ஈடாக உப்பும் துணியும் மேலேறின. கல்வராயன் கடுக்காய்க்கு மருந்துக் கடைகளில் தனி மதிப்பு உண்டு. எடை போட்டவர் எந்தக் கல்லால் போட்டார், கடன் எழுதியவர் எப்படி எழுதினார் என்பவை மலை மக்களின் நினைவிலேயே தங்கின. கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குச் சாலை ஏறிய பிறகு சுமை தலையிலிருந்து வண்டிக்கு மாறியது.

ஊரின் முகத்தை மாற்றியது நீர். கல்படை, பொட்டியம் முதலிய மலை ஓடைகள் கூடும் கோமுகி ஆற்றின் குறுக்கே 1960-களின் நடுப்பகுதியில் அணை எழுந்தது. அணையின் உயரம் 46 அடி. அதற்கு முன்னரே ஆற்றில் சிறு தடுப்பணைகளும் அவற்றால் நிரம்பும் ஏரிகளும் இருந்தன. ஆகவே பழைய பாசனம், புதிய பாசனம் என்ற பாகுபாடு இன்றும் பொதுப்பணித் துறையின் கணக்கில் உண்டு. இரண்டும் சேர்ந்து 10,000 ஏக்கருக்கு மேல். ஆற்றை நம்பிய பழைய ஆயக்கட்டு, கால்வாயை நம்பும் புதிய ஆயக்கட்டு என்ற இரண்டுக்கும் நடுவே மதகு திறக்கும் நாளைப் பற்றிய பேச்சு சம்பாப் பருவந்தோறும் எழும். அணையின் பயன் சமவெளிக்கு, ஓடைகளின் பிறப்பு மலைக்கு. மழையை வாங்கித் தரும் காட்டைக் காத்தவர்களுக்கு அந்தப் பாசனத்தில் ஒரு மடை கூட இல்லை.

நீர் வந்தபின் கரும்பு வந்தது. கரும்பு வந்தபின் ஆலை வந்தது. மூங்கில்துறைப்பட்டில் முன்னரே இயங்கிய கள்ளக்குறிச்சிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குத் துணையாக, இரண்டாவது ஆலை 1990-களில் கச்சிராயபாளையத்தில் அமைந்தது. அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் நிற்க, வெல்லம் கருகுவது போன்ற மணம் காற்றில் ஏறும். உழவர் வீட்டுப் பிள்ளைகள் மாதச் சம்பளம் என்ற சொல்லைச் சொந்த ஊரிலேயே கேட்டனர். வேளாண் சிற்றூர் நகரச் சாயல் கொள்ளும் மாற்றம் உலகெங்கும் நிகழ்வது. அமெரிக்காவிலே பெருநகரின் நெருக்கம் வெளியே வழிந்து பண்ணை ஊர்களைப் புறநகராக்கிற்று. இங்கோ பெருநகர் எதுவும் நெருங்கி வரவில்லை. அணையும் ஆலையும் சாலையும் சேர்ந்து ஊரை உள்ளிருந்தே உப்பச் செய்தன. அதனால் கான்கிரீட் மாடிக்குப் பின்னால் இன்னும் மாட்டுக் கொட்டில் இருக்கிறது.

ஆட்சி எல்லைகள் மாறிக்கொண்டே வந்தன. 1993-இல் தென்னார்க்காடு பிரிந்து ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. கல்வராயன் மலைக்கும் தனி வட்டம் கிடைத்தது. மாவட்டத் தலைநகர் அருகில் வந்ததால் மனு கொண்டு செல்லும் தொலைவு குறைந்தது உண்மை.

2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, நாடெங்கும் செய்தித்தாள்கள் கல்வராயன் மலையின் பெயரை உச்சரித்தன. சாராயம் காய்ச்சும் மலை என்ற ஒற்றை அடையாளத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் நானூறு, ஐந்நூறு ஆண்டு வாழ்வைப் புதைப்பது எளிது. அவ்வாண்டே சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் சாலை, பள்ளி, மருத்துவ நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து வழக்கெடுத்து விசாரித்தது. ஜாகிர் காலமும் 1976-உம் அப்போதுதான் பலர் காதுக்கு எட்டின. மலையிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குச் செல்வோர் மூட்டையோடு பேருந்துக்குக் காத்திருக்கும் காட்சி கச்சிராயபாளையத்தாருக்குப் புதிதன்று. அவர்கள் அதைச் செய்தியாக எண்ணியதில்லை, அவ்வளவே.

வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்யும் ஆண்டுகளில் கோமுகி அணை நிரம்பி மதகுகள் உயர்த்தப்படும். உபரிநீர் கள்ளக்குறிச்சியைத் தொட்டு, மணிமுத்தாற்றில் கலந்து, கச்சிராயர்களின் பழைய நிலமான விருத்தாசலத்தைக் கடந்து, வெள்ளாற்றோடு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேரும். அந்நாட்களில் கரையோர மக்களை எச்சரிப்பார்கள். அணைக்கரையிலோ வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். அக்கூட்டத்தில் மலை இறங்கி வந்தவர்களும் இருப்பார்கள்.