நெருப்பின் மேல் ஒரு கூரை

சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்த கதையை அவ்வட்டாரத்தார் நன்கறிவர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தங்கி வேலை கற்று, ஊர் திரும்பி 1923-இல் தொழிலைத் தொடங்கினர். ஏட்டில் இல்லாத அறிவைத் தேடிச் சென்று கையால் பெற்றுவருவதே தொழில் வரலாற்றின் பெரும்பகுதி. நெருப்போடு தொடர்புடைய மற்றொரு தொழிலுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அதுதான் சூளைக்குச் செங்கல் வளைவு கட்டும் தொழில்.

நம் ஊர்க் குயவரின் சூளைக்குப் பெரும்பாலும் நிலையான கூரை இல்லை. பானைகளை அடுக்கி, வைக்கோலைப் பரப்பி, மேலே சேற்றைப் பூசி எரிப்பார். வெந்தபின் அதைக் கலைத்துவிடுவார். சமையல் சட்டிக்கு அந்தச் சூடு போதும். பளபளப்பு ஏற்றிய உறுதியான பீங்கான் வகைகளுக்கு 1,200 டிகிரிக்கு மேலும் வெப்பம் வேண்டும். அதற்கு மூடிய அறை தேவை. அந்த அறைக்குக் கூரை எது? மரம் எரியும், இரும்பு இளகி வளையும், கருங்கல் வெடிக்கும். நெருப்பில் பிறந்த செங்கல்லே நெருப்பைத் தாங்கும். ஆனால் செங்கல்லைச் சட்டம்போல் குறுக்கே கிடத்த முடியாது. ஆகவே அது வளைவாக நிற்கவேண்டும்.

இரு சுவர்களின் தலையிலும் சாய்வான கற்களை வைப்பர். இடையில் மரத்தாலான வளைவு அச்சை நிறுத்தி, இருபுறமிருந்தும் சமமாகச் செங்கற்களை அடுக்கி வருவர். நடுக்கல் இறுகியதும் அச்சை எடுத்துவிடலாம். ஒவ்வொரு கல்லும் விழ முயல்கிறது; அண்டைக் கல் அதைத் தடுக்கிறது. அதனால் பாரமே பலமாகிறது. ஆயினும் வளைவு தன் சுவர்களை வெளிப்புறம் தள்ளும். சுவர் கனமாக இராவிட்டால் இரும்புப் பட்டையால் பிணைக்கவேண்டும். சூடேறும்போது வளைவு சற்றே எழும்பி, ஆறும்போது அமரும். அதனால் சிமெண்டை விடுத்து, மெல்லிய களிமண் சாந்தையே பூசுவர்.

மரமே அரிதான நாட்டில் அச்சுக்கு என்ன செய்வது? எகிப்தில் 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட ராமேசியக் களஞ்சியங்கள் இதற்கு விடை கூறுகின்றன. பின்சுவரில் சாய்த்து முதல் வளையத்தை ஒட்டவைத்து, அடுத்த வளையத்தை அதன்மேல் சாய்த்துக் கட்டினர். அச்சே தேவைப்படவில்லை. ஈராக்கில் மதாயின் நகரத்துக் கிஸ்ராவின் மாளிகையும் செங்கல் வளைவுதான். ஏறத்தாழ 25 மீட்டர் அகலமுள்ள அம்மண்டபத்தை, கி.பி. 637-இல் நகரைக் கைப்பற்றிய ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தொழுமிடமாக்கினர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். நம் பக்கத்தில் 1636-இல் எழுந்த மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவையே.

இத்தகைய கலை படித்தவர் நடுவே ஏறக்குறைய மறைந்தே போயிற்று. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி (1900–1989) உலகப்போர்க் காலத்தில் மரமும் இரும்பும் கிடைக்காமல் மண்கல்லால் வளைகூரை கட்ட முயன்றார், கட்டியவை இடிந்தன. அஸ்வானில் பணியாற்றிய உடன்பிறந்தவரின் சொல்கேட்டு, 1941-இல் அங்கே சென்றார். நூபியக் கொத்தனார்கள் எவ்வித அச்சுமின்றி, கண்ணளவே அளவாகக் கூரையை வளைப்பதைக் கண்டார். சேறு பற்றிக்கொள்ளும்படி, ஈரமாக இருக்கும்போதே கல்லில் விரலால் வரியிட்டு வைத்திருந்தனர். பட்டம் பெற்றவர் எழுத்தறியாதவரிடம் மாணவரானார். அவர்களையே அழைத்துவந்து புதிய குர்ணா கிராமத்தை எழுப்பினார். 1980-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழு அவரைச் சிறப்பித்தது.

ஈரானில் நாதிர் கலீலி இதிலும் ஒருபடி முன்சென்றார். பச்சை மண்வீடு மழையில் கரைகிறது. சூளையில் வெந்த மண் கரைவதில்லை. அப்படியானால் வளைகூரை வீட்டையே சூளையாக்கிச் சுட்டால் என்ன என்று கேட்டார், சுட்டும் காட்டினார். அதே எண்ணம் நம் புதுச்சேரியிலும் உருப்பெற்றது. 1971-இல் டெபோரா ஸ்மித்துடன் அங்கே மட்பாண்டக்கூடம் நிறுவிய ரே மீக்கர், 1980களின் நடுவிலிருந்து வளைகூரை வீடுகளைக் கட்டி, உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டோடு சேர்த்தே எரித்தார். சூளை வீடாயிற்று, வீடு சூளையாயிற்று.

இவ்வரலாற்றில் ஃபத்ஹியின் பெயர் நிலைத்தது. அவருக்குக் கற்றுக்கொடுத்த கொத்தனார்களின் பெயரை எத்தனை பேர் அறிவோம்? மதுரை வளைவுகளைக் கட்டிய கைகளுக்கும் பெயரில்லை. இன்று கான்கிரீட் பலகை எங்கும் பரவிவிட்டது. சுண்ணாம்பு அரைத்து வளைவு கட்டிய முதியவர் நம் ஊரில் இன்னும் ஒருவரேனும் இருக்கலாம். அவர் கையறிவு அவரோடு அடங்கிப்போகுமுன், நம் பிள்ளைகளில் ஒருவர் அவரருகே அமர்ந்து, பெயரையும் முறையையும் எழுதி வைக்கட்டும். அஸ்வானுக்குப் போனவர் செய்ததும் கல்கத்தாவுக்குப் போனவர்கள் செய்ததும் இதுதான்: தெரிந்தவரிடம் சென்று கேட்டார்கள்.