போர்ட்

கணினிப் பேச்சில் வரும் ‘போர்ட்’ வாசலைக் குறிக்கும் ‘போர்ட்டா’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. துறைமுகத்துக்கான ‘போர்ட்டுஸ்’ அதற்குப் பங்காளிதான். நெட்வொர்க்கில் இது கண்ணுக்குத் தெரியும் துளையன்று, வெறும் எண்: 0 முதல் 65535 வரை. போர்ட் ஸ்கேன் அந்த வாசல்களைத் தட்டிப் பார்க்கிறது. ‘ஓப்பன்’ என்றால் உள்ளே ஒரு நிரல் காத்திருக்கிறது. ‘க்ளோஸ்டு’ என்றால் கணினி இருக்கிறது, அந்த எண்ணில் கேட்பாரில்லை. மறுப்பு உடனே வரும். ‘ஃபில்டர்டு’ என்றால் பதிலே வராது. பெரும்பாலும் ஃபயர்வால் விழுங்கியிருக்கும். பலர் ‘க்ளோஸ்டு’ என்பதைக் கண்டே பதறுகிறார்கள், வீண் பதற்றம். விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445 இணையத்திலிருந்து ‘ஓப்பன்’ என்று தெரிந்தால் பதறலாம். ஆனால், வெளியிலிருந்து ஸ்கேன் செய்யும்போது பெரும்பாலும் பதில் சொல்வது வீட்டு ரவுட்டர், உங்கள் கணினி அல்ல.