ஐக்கிய அமெரிக்காவில் பன்னாட்டு மாணவர்களின் விமானிப் பயிற்சிச் சேர்க்கை

ஐக்கிய அமெரிக்காவில் தொழில்முறை விமானிப் பயிற்சி பெற விரும்பும் பிற நாட்டு மாணவர்கள் நான்கு தனித்தனி அமைப்புகளின் ஏற்பைப் பெறுதல் வேண்டும். பயிற்சிப் பள்ளி, அமெரிக்கத் தூதரகம், போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் (டி.எஸ்.ஏ), கூட்டரசு வான்பயண நிர்வாகம் (எஃப்.ஏ.ஏ) என்பன அவ்வமைப்புகளாகும். ஒன்றின் ஏற்பு மற்றொன்றிற்கு ஈடாகாது. பள்ளியில் இடம் பெற்ற ஒருவர் மருத்துவச் சோதனையிலோ பாதுகாப்புச் சோதனையிலோ தகுதி இழக்கக்கூடும். எனவே இவற்றை எந்த வரிசையில் முடிப்பது என்பது மாணவரின் பொருட்செலவைப் பெரிதும் பாதிக்கின்றது.

வரலாறு

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களில் வானூர்திகளைச் செலுத்திய நால்வரும் ஐக்கிய அமெரிக்காவில் விமானிப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுள் முகமது அத்தா, மர்வான் அல்-ஷேஹி ஆகிய இருவரும் புளோரிடா மாநிலத்தின் வெனிசு நகரில் பயின்றனர். அவர்களுக்கு மாணவர் தகுதிநிலை வழங்கப்பட்டதற்கான அறிவிப்பு, அவர்கள் இறந்து ஆறு மாதங்களுக்குப் பின்னர், 2002 மார்ச்சில் அப்பள்ளிக்கு வந்து சேர்ந்தது. இந்நிகழ்வு கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 2003-இல் பிற நாட்டு மாணவர்களைக் கணினிவழிக் கண்காணிக்கும் செவிசு என்னும் தரவகம் நடைமுறைக்கு வந்தது. விமானிப் பயிற்சி மாணவர்களின் பின்னணியை ஆராயும் பொறுப்பு 2004-இல் நீதித்துறையிடமிருந்து டி.எஸ்.ஏ-விற்கு மாறியது.

பள்ளியும் அடிப்படைத் தகுதிகளும்

பன்னாட்டு மாணவர்களைச் சேர்க்க அமெரிக்க அரசின் இசைவு பெற்ற பள்ளிகளே ஐ-20 எனும் சேர்க்கைப் படிவத்தை வழங்க இயலும். இவை பொதுவாகக் கூட்டரசு வான்பயண விதிகளின் 141-ஆம் பகுதியின் கீழ்ச் சான்றிதழ் பெற்றவை. 61-ஆம் பகுதியின் கீழ் மட்டும் பயிற்றுவிக்கும் சிறு பள்ளிகளால் பெரும்பாலும் இப்படிவத்தை வழங்க முடிவதில்லை. ஆகவே, முன்பணம் செலுத்துவதற்கு முன் பள்ளியின் இசைவைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

மாணவர் உரிமத்திற்கு 16, தனியார் விமானி உரிமத்திற்கு 17, வணிக விமானி உரிமத்திற்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். ஆங்கிலத்தைப் படிக்கவும் பேசவும் எழுதவும் புரிந்துகொள்ளவும் தெரிந்திருத்தல் அனைத்து உரிமங்களுக்கும் கட்டாயம். பல்கலைக்கழகப் பட்டத்துடன் இணைந்த பயிற்சிக்குப் பள்ளியிறுதிச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் தேவைப்படும்.

நுழைவிசைவு

தொழிற்பயிற்சிப் பள்ளிகளில் சேர்வோருக்கு எம்-1 நுழைவிசைவும், கல்லூரிப் படிப்புடன் பயிற்சி பெறுவோருக்கு எஃப்-1 நுழைவிசைவும் வழங்கப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே முக்கிய வேறுபாடுகள் உள்ளன.

• எம்-1 மாணவர் தாம் தங்கவிருக்கும் காலம் முழுமைக்குமான செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். எஃப்-1 மாணவர் முதலாண்டுச் செலவுக்குக் காட்டினால் போதும்.
• எம்-1 மாணவர் படிப்பின்போது வேலை செய்ய இயலாது. படிப்பு முடிந்தபின், நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற அளவில், அதிகபட்சம் ஆறு மாதங்கள் செயல்முறைப் பயிற்சி பெறலாம்.
• ஐக்கிய அமெரிக்காவிற்குள் இருந்துகொண்டு எம்-1 நிலையிலிருந்து எஃப்-1 நிலைக்கு மாற இயலாது.

முன்பு சில பள்ளிகள் பயன்படுத்திய ஜே-1 வகை, விமானிப் பயிற்சிக்கு 2010-இல் நிறுத்தப்பட்டது.

பாதுகாப்புச் சோதனை

டி.எஸ்.ஏ-வின் சோதனைக்காக மாணவர் தம் கடவுச்சீட்டு விவரங்களையும் கைரேகையையும் அளிக்க வேண்டும். முதல் விமானி உரிமம், கருவிவழிப் பறத்தல் தகுதி, பல எந்திர வானூர்தித் தகுதி ஆகிய பயிற்சிகளுக்கு இச்சோதனை பொருந்தும். ஒப்புதல் கிடைக்கும்வரை பள்ளி இப்பயிற்சிகளைத் தொடங்கக் கூடாது. 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஒருமுறை பெறும் பாதுகாப்பு ஒப்புதல் ஐந்து ஆண்டுகள் வரை செல்லும். அதற்கு முன்னர் ஒவ்வொரு பயிற்சிக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

மருத்துவத் தகுதி

வணிக விமானியாகப் பணியாற்ற எஃப்.ஏ.ஏ-வின் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் தேவை. ஒவ்வொரு கண்ணிலும் தொலைப்பார்வை 20/20 அளவில் இருத்தல் வேண்டும். கண்ணாடி அணிந்து இவ்வளவை எட்டினாலும் ஏற்கப்படும். நிறங்களைப் பிரித்தறியும் திறனும் சோதிக்கப்படுகின்றது. நிறக்குருடு உடைய பலர் அச்சோதனையின்போதே அதனை முதன்முறையாக அறிகின்றனர். எஃப்.ஏ.ஏ-வின் ஏற்புப் பெற்ற மருத்துவர்கள் பிற நாடுகளிலும் இருப்பதால், பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இச்சோதனையைச் செய்துகொள்வது நல்லது.

பறத்தல் நேரமும் வேலைவாய்ப்பும்

வணிக விமானி உரிமத்திற்கு 61-ஆம் பகுதியின் கீழ் குறைந்தது 250 மணி நேரமும், 141-ஆம் பகுதியின் கீழ் 190 மணி நேரமும் தேவை. ஆயினும் இவ்வுரிமம் மட்டும் கொண்டு அமெரிக்கப் பயணியர் விமான நிறுவனத்தில் துணை விமானியாக இயலாது. 2009-இல் பஃபலோ நகருக்கு அருகே நிகழ்ந்த கோல்கன் ஏர் விபத்தைத் தொடர்ந்து, 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் கட்டாயமாக்கப்பட்டது. எம்-1 மாணவருக்கு வேலை உரிமை மிகக் குறைவாதலால் எஞ்சிய நேரத்தை அங்கேயே ஈட்டுவது கடினம். எனவே பெரும்பாலானோர் தாய்நாடு திரும்புகின்றனர்.

தாய்நாட்டு உரிமம்

அமெரிக்க உரிமம் பிற நாடுகளில் தானாகவே செல்லுபடியாகாது. இந்தியாவில் பணியாற்ற விரும்புவோர் குடிசார் வான்பயணத் தலைமை இயக்குநரகத்தின் எழுத்துத் தேர்வுகளிலும் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையிலும் தேறி உரிமத்தை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். எஃப்.ஏ.ஏ சான்றிதழ் பெற்றவர் இம்மருத்துவச் சோதனையில் தகுதி பெறாமல் போகவும் வாய்ப்புண்டு. ஆதலால் இந்திய மாணவர் புறப்படும் முன்னரே இரு நாட்டு மருத்துவச் சோதனைகளையும் முடித்துக்கொள்வது பொருளிழப்பைத் தவிர்க்கும்.