பழவேற்காட்டில் பாகால்

டச்சுக்காரர் 1690-இல் தம் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பெயர்த்த கதையை இவ்வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அவர்களுடைய பழவேற்காட்டுக் கெல்திரியாக் கோட்டையைப் பற்றிய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கையில், தளபதிகளையும் துணி வியாபாரிகளையும் விலக்கிக்கொண்டு, 1632 முதல் 1642 வரை அங்கே பாதிரியாராயிருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ் வந்து வழிமறித்துவிட்டார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு லாரிகளுக்கு ஒதுங்கி, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு செல்பவர்கள், டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாயிலில் துவாரபாலகரைப்போல் நிற்கும் கல் எலும்புக்கூடுகளைக் கண்டு வியந்து திரும்பிவிடுகிறார்கள். ரோஜேரியஸை அங்கே தேடிப் பயனில்லை. அவர் தாயகம் திரும்பி 1649-இல் மறைந்தார்.

அவர் கொண்டுவந்த வேதாகமத்தில் அந்நிய தேவதைகளுக்கெல்லாம் தலைவன்போல் நிந்திக்கப்படுபவன் பாகால். கர்மேல் மலையில் அவனுடைய தீர்க்கதரிசிகள் 450 பேர் காலைமுதல் கூவியும் அக்கினி இறங்காதது கண்டு, உங்கள் தெய்வம் உறங்குகிறதோ என்று கர்த்தரின் தீர்க்கதரிசி எலியா பரிகசித்தார்; அவர்களைக் கீசோன் ஆற்றங்கரையில் வெட்டியும் போட்டார். எலியாவின் வைராக்கியம் பெரிதுதான். ஆயினும் அந்த ஆற்றங்கரைக்கு வரும்போதெல்லாம் என் மனம் தோற்றவர் பக்கமே சாய்ந்துவிடுகிறது. சிரியாவில் 1929-இல் தோண்டத் தொடங்கிய உகரித் நகரத்தின் களிமண் ஏடுகளில் அதே பாகால் மேகத்தின்மேல் ஊர்ந்து மழை தரும் தெய்வமாக விளங்குகிறான்.

உண்மையில் அது பெயரே அன்று, பட்டம். உடையவன், எஜமானன், கணவன் என்பது பொருள். சவுல் ராஜாவின் மகன் ஒருவனுக்கே எஸ்பால் என்ற பெயர் இருந்தது. ‘பாகால்’ என எழுதக் கூசிய கைகள், அவ்விடத்தில் ‘வெட்கம்’ என்னும் பொருளுள்ள சொல்லை வைத்து அவனை இஸ்போசேத் ஆக்கின. ஓசியா தீர்க்கதரிசியோ, கர்த்தரை இனிப் பாகாலி என்னாமல் ஈஷி என்றழைக்கும் காலம் வரும் என்றார்; இரண்டுக்கும் ‘என் நாயகன்’ என்பதே பொருள்!

இத்தகைய வேதத்தை ஓதியவர், பத்மநாபன் என்னும் அந்தணரோடு போர்த்துகீசிய மொழியில் உரையாடி, விஷ்ணு யார், ஈசுவரன் யார் என்று பொறுமையாகக் கேட்டு எழுதினாரே, அதனால்தான் கோட்டை கட்டியவர்களைவிட அவரை மேலாக மதிக்கிறேன். ‘மறைந்திருந்த அஞ்ஞான சமயத்துக்குத் திறந்த வாசல்’ என்ற அந்த நூல், அவர் மறைந்தபின் 1651-இல் லெய்டனில் வெளிவந்தது. வடமொழிக் கவி பர்த்ருஹரியின் சதகங்களில் வைராக்கியமும் நீதியும் அதில் உண்டு. சிருங்காரம் மட்டும் இல்லை. பாதிரியாரும் அந்தணரும் கூடியிருந்த இடத்தில் வேறென்ன நடக்கும்?

ஈசுவரன் என்பதற்கும் உடையவன் என்பதே பொருள். எபிரேயத்தில் விலக்குண்ட அந்தப் பொருளே, 1715-இல் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டில் ‘சர்வேசுரன்’ என்று கிறிஸ்தவர்களின் கடவுளுக்குரிய பெயராகி அமர்ந்தது.

தரங்கம்பாடிவரை வந்துவிட்டோம், நாகப்பட்டினம் அருகில்தான், அடுத்த வாரம் போய்ச் சேர்ந்துவிடலாம்.