குறுங்குழல் ரிவால்வரும் தோட்டாச் சோதனையும்

காலிக்கூட்டில் மருந்தும் குண்டும் மீண்டும் ஏற்றிய தோட்டாவைச் சுடுதளத்தில் சுட்டுப் பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் சாதாரணம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். கையில் ரிவால்வர் உரிமம் இருந்தால் மட்டும் போதாது.  மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை போன்றவற்றிலும் துப்பாக்கிப் பயிற்சி ஆலைத் தோட்டாவில்தான்.

உள்நாட்டுக் குறுங்குழல் ரிவால்வர்களில் பெயர் பெற்றவை கான்பூரின் 'நிர்பீக்' (2014), 'பிரபல்' (2023). இரண்டும் .32 அங்குல வகை. பிரபலின் குழல் 76 மி.மீ. மட்டுமே, எடை சுமார் 700 கிராம்.

இத்தகைய குறுங்குழல் ரிவால்வரில் தோட்டாவைச் சோதிக்கும்போது முதலில் அகப்படுவது வேக இழப்பு. குழல் குட்டையானால் மருந்து முழுதும் எரியுமுன் குண்டு வெளியேறிவிடும். மிச்சம் வாய்ப்புறத்தில் தீப்பிழம்பாகத் தெரியும். உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலும் வாயு கசியும். ஆகவே நீண்ட குழலில் அளந்த வேகத்தைக் குறுங்குழலுக்குப் பொருத்திப் பார்ப்பது வீண். வேகமானியில் ஒவ்வொரு வெடிக்கும் அளவு எடுத்து, சராசரியைவிட ஏற்ற இறக்கத்தையே கவனிப்பார்கள்.

எடை குறைந்த ரிவால்வரில் இன்னொரு தொல்லை: பின்னுதைப்பில், சுடப்படாத தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னே நழுவும். துருத்திய குண்டு சட்டத்தில் இடித்தால் உருளை சுழலாது. அதனால் ஐந்து சுட்டபின் ஆறாவதை வெளியே எடுத்து நீளம் அளப்பது வழக்கம்.