கோழிக்குஞ்சுப் பெட்டியும் காரைக்கால் பதிவேடும்

1880-இல் பிரெஞ்சிந்தியாவில் ஒரு ஆணை வந்தது. உள்ளூர் மக்களும் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் அரசுப் பதிவேட்டில் ஏற்றியே ஆக வேண்டும். காரைக்கால்காரங்க இன்னைக்கும் தாத்தா, பாட்டன் பேரைத் தேடி பழைய பிரெஞ்சுப் பதிவுகளைப் புரட்டறது இதனாலதான். பிறந்த நாள், நேரம், அப்பா, அம்மா, சாட்சிகள் எல்லாம் அதில் உண்டு. குழந்தையின் எடை கிடையாது.

அதே சமயம் பாரிஸில் எடைதான் பேச்சு. 1878-இல் ஸ்டெஃபான் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர், உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார். அதே மாதிரி குழந்தைக்கும் ஒன்று செய்யச் சொன்னார். இரட்டைச் சுவர் மரப்பெட்டி, அடியில் வெந்நீர், மேலே குழந்தை. அவ்வளவுதான். 2000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளில் இறப்பு 66 சதவீதத்திலிருந்து 38-க்கு இறங்கியது.

வெறும் சூடு இவ்வளவு செய்யுமா? செய்யும். ஒன்றரைக் கிலோகூட இல்லாத குழந்தைக்குத் தோலடியில் கொழுப்பே இருக்காது. எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு ரொம்ப அதிகம், அதனால் சூடு மளமளவென்று வெளியேறும். வளரவும் மூச்சுவிடவும் வேண்டிய சக்தியெல்லாம் குளிரோடு போராடியே தீர்ந்துபோகும். (பின்னால் வந்த எளிய பெட்டிகளில் வெந்நீர்ப் புட்டிகளை மாற்றிக்கொண்டே இருக்கணும். அதாவது, தெர்மோஸ்டாட் வேலையைப் பார்த்தது நர்ஸ்கள்.)

தார்னியேவின் மாணவர் பியேர் புதேன் இன்னொன்றையும் கவனித்தார்: அம்மாவைப் பிரித்துவிட்டால் தாய்ப்பாலும் போகும், பாசமும் விட்டுப்போகும். எனக்கு இவர்தான் பெரிய ஆள். ஆனால் உலகம் எடுத்துக்கொண்டது பெட்டியை மட்டும்தான். நம்ம ஊரிலும் "கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க"ன்னா, அம்மா கதவுக்கு வெளியேன்னு அர்த்தம்.

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டிகள் போதவில்லை. எட்கர் ரே என்ற டாக்டர் குழந்தைகளை அம்மாவின் நெஞ்சோடு தோல்படக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு. இது ஏழைகளுக்கான மாற்று வழி என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-இல் வந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனேயே நெஞ்சில் வைத்தார்கள். முதல் 28 நாள் இறப்பு, வழக்கமான கவனிப்பில் 15.7 சதவீதம், இதில் 12.

காரைக்காலிலிருந்து புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அந்த ரோட்டில்தான் குழந்தை சில்லிட்டுப்போகும். அம்மா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தால் அப்பா நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம், பாட்டியும் வைத்துக்கொள்ளலாம்.